டீசலில் ஓர் அந்நியப் பொருள்

அந்த டேங்கர் ஓட்டுநரை நான் முதன்முதலில் பார்த்தது தீவின் மேட்டுநகரான கியூர்பிப்பில், எங்கள் சோதனைக்கூடத்தின் வாசலில். வழக்கம்போல மழை. ஒரு தகர டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டப்பாவின் வாயில் அரக்கு முத்திரை. உள்ளே இருந்தது அவர் ஓட்டிய லாரியிலிருந்து எடுத்த டீசல். அது சுத்தம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேலை இருக்கும், கலப்படம் என்று எழுதினால் இருக்காது. அவரோடு வந்திருந்த போக்குவரத்து நிறுவன மேலாளர் இதை அவர் காதுபடவே சொன்னார். ஓட்டுநர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, சொட்டிய தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

எண்பதுகள் அவை. தீவில் எங்கே திரும்பினாலும் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. ரோஸ் பெல் பக்கம் கரும்புக்கு நடுவே அப்படி ஒன்று. ஸ்வெட்டர்கள் கப்பலேற வேண்டிய வாரத்தில் அதன் ஜெனரேட்டர் நின்றுபோனது. தொழிற்சாலை டீசலைக் குறை சொன்னது. டீசலைக் கொண்டுவந்து இறக்கிய சிறிய போக்குவரத்து நிறுவனம் ஓட்டுநரைக் குறை சொன்னது: துறைமுகக் கிடங்கில் நிரப்பிய டீசலை வழியில் கொஞ்சம் இறக்கிவிட்டு, குறைந்த அளவுக்கு ஏதோ கரைப்பானை ஊற்றிவிட்டாராம். அந்தத் தொழிற்சாலையில்தான் அவருடைய மகளும் வேலை பார்த்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் மதுரையிலிருந்து வந்தவள். கணவருக்கு இங்கே தமிழ் ஆசிரியர் வேலை, எனக்கு வேதியியல் பட்டம். வந்த ஆறாம் மாதம் இந்தச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. கோபம் மூக்குநுனியில் இருக்கும், கர்வம் அதற்கும் மேலே. கர்வத்துக்குக் காரணமும் இருந்தது. எங்களிடம் ஒரு பழைய கேஸ் குரோமட்டோகிராப் இருந்தது. அதை நான் இரண்டு குழாய்கள் கொண்டதாக மாற்றி அமைத்திருந்தேன். வால்வுக்காகப் பிரான்ஸுக்கு எழுதி, வந்ததும் என் கையாலேயே பொருத்தி, கசிவு பார்த்து, நான்கு மாதம் அதனோடு மல்லுக்கட்டினேன். தீவில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இல்லை என்று நம்பினேன். அப்படியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

ஓட்டுநர் மறுநாள் தனியாக வந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா பார்க்க என்றார். நெற்றியில் விபூதி இருந்தது. தமிழில் பேசினேன். அவருக்குத் தமிழ் கோயிலோடு சரி, பேச்சு முழுக்கக் கிரியோல். எனக்குக் கிரியோல் கேட்டால் புரியும், பேசினால் தடுக்கும். அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கிய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

"இந்த மெஷின் என்னா செய்யும் மாதாம்?" என்று கேட்டார்.

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். கொட்டித் தீர்த்தேன். டீசல் ஒரே பொருள் இல்லை அண்ணே, ஆயிரக்கணக்கான பொருள்கள் சேர்ந்த கலவை என்றேன். அதில் ஒரு சொட்டைச் சூடான நீண்ட குழாய்க்குள் அனுப்பினால், எளிதில் ஆவியாகிறவை முதலில் வரும், மற்றவை பின்னால் வரும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது பேனா காகிதத்தில் ஒரு பீக், அதாவது மலைமுகடு மாதிரி ஒரு கோடு, போடும். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்தாறு பொருள்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தால் பேனா அவற்றை ஒன்றாகத்தான் காட்டும். அந்த இடத்தில் நான் வால்வைத் திருப்பி, அந்தக் கும்பலை மட்டும் வேறு குணமுள்ள இரண்டாவது குழாய்க்குள் தள்ளிவிடுவேன். முதல் குழாயில் ஒட்டிக்கொண்டு வந்தவை இரண்டாவதில் பிரிந்துவிடும். கோயில் வாசலில் ஒன்றாக நுழைகிற கூட்டம் உள்ளே போய் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று பிரிவதைப்போல என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எந்திரத்தை உற்றுப் பார்த்தார்.

"மோ பான் ஃபேர் நானியே, மாதாம்" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க அண்ணே. இது சொல்லட்டும்" என்று எந்திரத்தைத் தட்டிக் காட்டினேன். இன்று அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் துறைமுகக் கிடங்கிலிருந்து வரவழைத்த டீசலை அதற்கு முந்தைய நாளே ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் போனதும் லாரியின் டீசலைச் சிறு குப்பியில் ஊற்றி, புது ரப்பர் மூடி போட்டு மூடினேன். மூடியில் ஊசியைக் குத்தி ஒரு துளி எடுத்து எந்திரத்துக்குள் செலுத்தினேன். முதல் குழாயில் வித்தியாசம் எதுவும் இல்லை. இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே மலைத்தொடர். கரைப்பான் கலந்திருந்தால் எங்கே தெரியுமோ அந்த இடத்தில் வால்வைத் திருப்பினேன். இரண்டாம் குழாயில், எல்லாம் அடங்கிய பிறகு, தனியாக ஒரு பீக் எழுந்தது. ஊசிபோல நேராக, கூர்மையாக. கிடங்கின் டீசலில் அது இல்லவே இல்லை.

அப்போது எனக்கு வந்த உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. சந்தோஷம்தான். எழுந்து போய்ச் சோதனைக்கூடத் தலைவரின் கதவைத் தட்டி, காகிதத்தை அவர் மேசையில் விரித்தேன். சாதாரண எந்திரமாக இருந்தால் இது தெரிந்தே இருக்காது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு முறை பார்த்தார். என்ன பொருள் என்று கேட்டார். தெரியவில்லை, சாயப்பட்டறையில் புழங்கும் ஏதாவது கரைப்பானாக இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்பதை அறிக்கையில் எழுதக்கூடாது என்றார். சரி என்று, "கிடங்கு மாதிரியில் இல்லாத அந்நியப் பொருள் ஒன்று லாரி மாதிரியில் உள்ளது" என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, லாரி டீசலின் காகித நகலை இணைத்து, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். புதன்கிழமை அறிக்கை ரோஸ் பெல்லில் இருந்த போக்குவரத்து நிறுவனத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் விசாரணை.

விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கையோடு கொண்டுபோக நல்ல காகிதம் வேண்டும் என்று தோன்றியது. கிடங்கு டீசலின் காகிதத்தில் பேனா மை ஓரிடத்தில் கொட்டிக் கறையாகியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்ட எனக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் வெள்ளிக்கிழமை காலை வந்ததும், கிடங்கு டீசலையே இன்னொரு குப்பியில் ஊற்றி, மூடி, மறுபடி ஓட்டினேன். அழகான காகிதத்துக்காக மட்டும்தான்.

பேனா நகர்ந்தது. நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் குழாயின் முறை வந்தது. எல்லாம் அடங்கியது. பிறகு அந்த பீக் எழுந்தது.

அதே இடம், அதே கூர்மை. கிடங்கின் டீசலில்.

முதலில் குப்பியை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, சீட்டு சரியாக இருந்தது. ஊசி அழுக்கோ என்று கழுவினேன். ஹெக்சேன் என்ற சுத்தமான கரைப்பானை மட்டும் அதன் பாட்டிலிலிருந்தே நேரடியாக உறிஞ்சிச் செலுத்தினேன். அது முடிய நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் உட்காரவில்லை. காகிதம் தட்டையாக வந்தது, பீக் இல்லை. அதே ஹெக்சேனைக் குப்பியில் ஊற்றி மூடி போட்டு, இன்னொரு நாற்பது நிமிடம் நின்றேன். பீக் வந்தது.

அப்படியானால் மூடி. திங்கட்கிழமை கிடங்கு டீசலை ஓட்டியபோது எந்திரத்தின் பக்கத்தில் வெளியே கிடந்த பழைய பொட்டலத்தின் கடைசி மூடியைப் போட்டிருந்தேன். லாரி டீசலுக்கு இழுப்பறையிலிருந்து புதுக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் மூடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். கோயில் வாசனை அடித்தது.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஆயுதபூஜை. ஊரில் எங்கள் கல்லூரியில் தராசுக்கும் பியூரெட்டுக்கும்கூடச் சந்தனப்பொட்டு வைப்போம். இங்கேயும் என் எந்திரத்துக்கு வைக்க ஆசைப்பட்டேன். தலைவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஹைட்ரஜன் சிலிண்டர் இருக்கிற அறையில் நெருப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது எனக்கே தெரியாதா என்ன? அதனால் எந்திரத்துக்குப் பொட்டு வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, சூடத்தைக் கொளுத்தாமல் வெற்றிலைமேல் அப்படியே வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் அந்தச் சூடத்தையும், ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தில் மீதி இருந்ததையும் காகிதத்தில் மடித்து, குப்பையில் போட மனம் வராமல், இழுப்பறைக்குள் வைத்தேன். பக்கத்தில் ரப்பர் மூடிகள். கொளுத்தாத சூடம் தானாகக் கரைந்து காற்றில் போகும் என்பதை முதலாண்டு மாணவிக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ரப்பர் அதைக் குடிக்கும், ரப்பர் குடித்ததை டீசலோ ஹெக்சேனோ உறிஞ்சும். காகித மடிப்பைப் பிரித்தேன். பாதிச் சூடம் இல்லை.

மிச்சத்தில் கடுகளவு எடுத்து, ஹெக்சேன் பாட்டிலிலேயே கரைத்து, மூடி இல்லாமல் செலுத்தினேன். முடிவு எனக்குத் தெரியும். ஆனாலும் காகிதத்தில் வேண்டும். பீக் அச்சு அசலாக அங்கேயே எழுந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். ரோஸ் பெல்லுக்குத் தொலைபேசியைச் சுற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தலைவரிடம் ஓடினேன். காகிதங்களைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. பிறகு, திங்கட்கிழமை முறைப்படி ஒரு திருத்தக் கடிதம் அனுப்பலாம் என்று ஆங்கிலத்தில், மெதுவான குரலில் சொன்னார். சோதனைக்கூடத்தின் பெயரையும் பார்க்க வேண்டும் அல்லவா என்றார். காரணம் என்ன எழுதுவது, சூடமா, சிரிக்க மாட்டார்களா என்றும் கேட்டார்.

"திங்கட்கிழமை அந்த மனிதருக்கு வேலை இருக்காது" என்றேன். "சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்." என் குரல் உயர்ந்ததில் வெளியே தட்டச்சு நின்றது. அவர் கண்ணை மூடித் திறந்தார். போய் வா என்பதுபோலக் கையை அசைத்தார்.

காகிதங்களைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். பேருந்து நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பியது. கிளம்பியது. வழியெல்லாம் நின்று நின்று ஆள் ஏற்றியது. பேருந்து ஓட்டுநர் யாரோ தெரிந்தவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தபோது, "போங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கியூர்பிப்பின் மழை பின்னால் தங்கிவிட்டது, ரோஸ் பெல்லில் வெயில் அடித்தது. இறங்கும்போது இரண்டரை மணி.

அலுவலகம் ஒரு லாரிக் கொட்டகையின் மாடியில் இருந்தது. படியேறிக் கதவைத் தட்டாமலே திறந்தேன். மேசைக்குப் பின்னால் மேலாளர். எதிரே நாற்காலியின் விளிம்பில் ஓட்டுநர், கோயிலுக்குப் போகிறவரைப்போல வெள்ளைச் சட்டை போட்டு. மேலாளர் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாருங்கள் மாதாம். வேலை முடிந்துவிட்டது" என்றார் பிரெஞ்சில். "ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்களும் போலீசுக்குப் போகவில்லை."

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. எதை ஒத்துக்கொண்டார்? செய்யாத ஒன்றை எப்படி ஒத்துக்கொள்ள முடியும்? மேசையில் என் அறிக்கை இருந்தது. அதன்மேல் வேறொரு தாள், அதன் அடியில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு கையெழுத்து, மை இன்னும் காயாமல்.

என் காகிதங்களை அந்தத் தாளின்மேல் விரித்தேன். தெரிந்த அளவு பிரெஞ்சிலும், முடியாத இடத்தில் ஆங்கிலத்திலும் சொன்னேன். அந்நியப் பொருள் லாரியில் இல்லை, என் இழுப்பறையில் இருந்தது. அது சூடம். பூஜைக்கு வைத்தது. தவறு என்னுடையது, அறிக்கையை இங்கேயே திரும்பப் பெறுகிறேன். மேலாளர் ஒரு கணம் சிரிக்கத்தான் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்படியே இருக்கட்டும். ஆனால் இவரே ஒத்துக்கொண்டாரே?"

நான் ஓட்டுநர் பக்கம் திரும்பினேன். கோபம் வந்தது, அவர்மேலேயே வந்தது. "ஏன் அண்ணே கையெழுத்துப் போட்டீங்க? செய்யலைன்னு என்கிட்ட சொன்னீங்களே!"

அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். நேற்று அறிக்கையைக் காட்டினார்களாம். அந்த பீக்கை விரல் வைத்துக் காட்டினார்களாம். இரவு முழுக்க யோசித்திருக்கிறார். போன மாதம் லாரியின் குழாய்முனையில் பெயின்ட் ஒட்டியிருந்தது, தின்னர் போட்டுத் துடைத்தார். நன்றாகக் கழுவினோமா இல்லையா என்று நினைவில்லை. அதுதான் உள்ளே போயிருக்கும். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் செய்தது தான்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

"குழாய்முனையில ஒரு மாசமா தின்னர் நிக்காது அண்ணே. அது அன்னைக்கே காத்துல போயிடும்" என்றேன். "உங்க டீசல் சுத்தம். கிடங்குல எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து இறக்கியிருக்கீங்க."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அலோர், பா ம்வா?" என்றார். அப்படியானால், நான் இல்லையா?

தன்னைப் பற்றித் தனக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை ஐம்பது வயது மனிதர் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "நீங்க இல்ல அண்ணே. நான்" என்றேன்.

மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் எழுத்தில் கொடுத்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சூடம், இழுப்பறை, ரப்பர் மூடி எதையும் விடவில்லை. அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ஓட்டுநரின் தாளை நான்காகக் கிழித்தார். திங்கட்கிழமை வண்டியை எடுக்கச் சொன்னார்.

முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டேன். படியிறங்கியதும் ஓட்டுநர் என் பின்னாலேயே வந்தார்.

"மாதாம், இன்னும் ஒரு வேலை இருக்கு. என் பொண்ணுகிட்ட நீங்க சொல்லணும். நேத்து ராத்திரி அவகிட்ட நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்."

தொழிற்சாலை அங்கிருந்து கால் மணி நேர நடை. கரும்புக்கு நடுவே தார்ச்சாலை. நான்கு மணிக்குச் சங்கு ஊதியது. வாயிற்கதவு திறந்து பெண்கள் வெளியே வந்தார்கள். தலைமுடியிலும் தோளிலும் நூல் பஞ்சு. அவர்களில் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் நின்றாள். இருபது வயது இருக்கும். கூட வந்தவர்களை முன்னே போகவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் வந்து நின்றாள். அன்று முழுக்க உள்ளே யார் யார் என்ன என்ன சொன்னார்களோ, அவள் கண் சிவந்திருந்தது.

என் உடைந்த கிரியோலில் சொன்னேன். உன் அப்பா எதையும் கலக்கவில்லை. சோதனையில் பிழை. பிழை செய்தது நான். அவருக்கு வேலை இருக்கிறது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"செய்யலைன்னா, செஞ்சேன்னு ஏன் என்கிட்ட சொன்ன பாப்பா?"

இங்கே அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தின்னரைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மகளுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாதாம் எழுதியிருந்தாங்க" என்றார்.

அவள் அப்போது என்னைப் பார்த்தாள். பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் பார்வையை எடுக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.